பைண்டு பண்ணின பழைய தொடர்கதை: போட்டோ எடுத்த பக்கங்களை கிண்டில்ல படிக்கிற புக்கா மாத்துறது எப்படி?

பனசங்கரி_வாசகி

எல்லாருக்கும் வணக்கம். எங்க மாமியார் கிட்ட 60கள், 70கள்ல வாரப் பத்திரிகைகள்ல வந்த தொடர்கதைகளை வாரா வாரம் கிழிச்சு சேர்த்து பைண்டு பண்ணின வால்யூம் நிறைய இருக்கு, கும்பகோணத்துலேர்ந்து பெங்களூருக்கு வந்தப்போ பாத்திரம் பண்டத்தையெல்லாம் அங்கேயே கொடுத்துட்டு இதை மட்டும் விடாம எடுத்துட்டு வந்தாங்க. இப்போ தொட்டாலே பேப்பர் ஓரம் உதிருது. அதனால ஒரு வால்யூமை முழுசா போன்ல போட்டோ எடுத்துட்டேன், 400 பக்கத்துக்கு மேல வருது, எல்லாம் ஜேபெக். அவங்க கிண்டில் பேப்பர்வைட்ல, 6.8 இன்ச் மாடல், படிக்கிற மாதிரி பண்ணணும். ஆன்லைன்ல ஒரு இடத்துல போட்டு பிடிஎஃப் ஆக்கிப் பாத்தேன், ஓப்பன் ஆகுது ஆனா எழுத்து ரொம்பப் பொடி, அவங்களுக்கு கண்ணும் முன்ன மாதிரி இல்ல. ஈபப்பா, மோபியா, ஏஇசட்டபிள்யூ3யா, எந்த ஈபுக் ஃபார்மேட்ல மாத்தினா எழுத்து பெருசா தெரியும்? படங்களும் இருக்கணும்னு சொல்றாங்க, ஓவியத்தைப் பாக்காம அந்தக் கதையைப் படிக்க முடியாதாம்.

கேஆர்புரம்_பயணி

மேடம், காலிபர்ங்கிற ஈபுக் சாஃப்ட்வேர்ல போட்டு ஈபப் ஆக்கிடுங்க, ஃப்ரீ தான். போட்டோ எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு ஜிப் பண்ணி, ஜிப்ங்கிற எக்ஸ்டென்ஷனை சிபிஇசட்னு மாத்தினா காலிபர் அதை காமிக்ஸ் புக்குனு எடுத்துக்கும், அப்புறம் கன்வர்ட் அமுக்கினா முடிஞ்சுது. பேர்ல நம்பர் மட்டும் 001, 002னு போடுங்க. வெறும் 1, 2னு இருந்தா சில சாஃப்ட்வேர் 1க்கு அடுத்து 10ஐக் கொண்டு வந்து வெச்சிடும்.

அல்சூர்காரன்

பயணி சொன்னது வேலை செய்யும், ஆனா மேடம் கேட்ட பிரச்சினை அதுல தீராது. எந்த ஃபார்மேட்ல போட்டாலும் உள்ள இருக்கிறது படம்னா எழுத்து ஒரு புள்ளி கூட பெருசாகாது. ஈபப்னாலும் சிபிஇசட்னாலும் உள்ள ஒரு ஜிப் தான், அதுக்குள்ள அதே ஜேபெக் தான் உக்காந்திருக்கும். கிண்டில்ல எழுத்து சைஸ் கூட்டுற பட்டன் டெக்ஸ்ட்டுக்குத் தான், படத்துக்கு இல்ல.

கணக்கு போட்டுப் பாருங்க. அந்த பேப்பர்வைட் ஸ்கிரீன் 1236க்கு 1648 பிக்சல், இன்ச்சுக்கு 300. அப்போ அகலம் பத்தரை சென்டிமீட்டர், உயரம் 14 சென்டிமீட்டர், அவ்வளவு தான். வாரப் பத்திரிகை பக்கம் சுமார் 20 சென்டிமீட்டர் அகலம்னு வெச்சுக்கோங்க, அதை அப்படியே ஸ்கிரீன்ல அடைச்சா பாதியா சுருங்குது, 10 பாயின்ட்ல அச்சான எழுத்து 5 பாயின்ட் ஆயிடுது. 5 பாயின்ட்ல தமிழ் படிக்கிறது கண்ணு நல்லா இருக்கிறவங்களுக்கே கஷ்டம், ணகரமும் னகரமும் ஒண்ணா தெரியும்.

அதனால ஃபார்மேட்டை கடைசியா யோசிங்க. முதல்ல பக்கத்தை என்ன பண்ணப் போறோம்கிறது தான் கேள்வி. மூணு வழி இருக்கு. பக்கத்தை, செங்குத்துப் பட்டையா இருக்கிற காலம் (column) வாரியா வெட்டி ஒவ்வொரு காலத்தையும் ஒரு ஸ்கிரீனா காட்டலாம். ரெண்டாவது, கே2பிடிஎஃப்ஆப்ட்னு ஒரு ஃப்ரீ டூல் இருக்கு, அது எழுத்தைப் படிக்காமலே படத்துலேர்ந்து வார்த்தை வார்த்தையா வெட்டி எடுத்து சின்ன ஸ்கிரீனுக்குத் தகுந்த மாதிரி பெருசாக்கி வரி வரியா மறுபடி அடுக்கிக் கொடுக்கும். மூணாவது ஓசிஆர், அதாவது படத்தை டெக்ஸ்ட்டா மாத்தி நிஜமான ஈபப் பண்றது. அது ஒண்ணுல தான் எழுத்தை வேணுங்கிற சைஸுக்குக் கூட்ட முடியும், ஆனா உழைப்பும் அதுல தான் அதிகம்.

உங்க பக்கம் ரெண்டு காலமா மூணு காலமா? எந்த வருஷத்து இதழ்?

பனசங்கரி_வாசகி

ரொம்ப நன்றி சார், இப்போ தான் புரியுது. பெரும்பாலும் ரெண்டு காலம், படம் வர்ற இடத்துல மட்டும் மாறுது. முதல் வால்யூம் 1966லேர்ந்து 68 வரைக்கும். மொத்தம் ஒன்றரை ஜிபி வருது, ஈமெயில்ல அனுப்பவே முடியல.

கேஆர்புரம்_பயணி

ஈமெயில்ல 50 எம்பி தான் லிமிட். அமேசானோட சென்ட் டு கிண்டில் வெப் பேஜ்ல 200 எம்பி வரைக்கும் ஏத்தலாம். சிபிஇசட்டை அது எடுக்காது, மோபியையும் இப்போ எடுக்கிறதில்ல, நமக்கு ஈபப்போ பிடிஎஃபோ தான் சரி. என்னோடது கோபோங்கிற வேற கம்பெனி ஈபுக் ரீடர், அது சிபிஇசட்டை நேரா ஓப்பன் பண்ணும், அதனால எனக்கு இந்தத் தலைவலி இல்ல. ஒயிட்ஃபீல்டுலேர்ந்து மெஜஸ்டிக் வரைக்கும் பர்ப்பிள் லைன்ல உக்கார இடம் கிடைச்சா ஒரு காமிக்ஸே முடியும்.

அல்சூர்காரன்

ஒன்றரை ஜிபிக்குக் காரணம் கலரும் தேவையில்லாத ரெசல்யூஷனும். 12 மெகாபிக்சல் போட்டோ 4000க்கு 3000 பிக்சல், ஸ்கிரீன் காட்டப் போறது அதுல ஆறுல ஒரு பங்கு. கிண்டிலோட ஈ-இங்க் ஸ்கிரீன் காட்டுறதும் 16 ஷேட் சாம்பல் நிறம் தான். ஒரிஜினல் போட்டோவை அப்படியே பத்திரமா வெச்சுக்கோங்க, ஹார்டு டிஸ்க்ல ஒண்ணு, வேற இடத்துல ஒண்ணு. கிண்டிலுக்குப் போறது தனி காப்பி.

இப்போ சுத்தம் பண்ற வேலை. ஸ்கேன்டெய்லர் அட்வான்ஸ்டுனு ஃப்ரீ சாஃப்ட்வேர், விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் ஓடும். அதுல படிப்படியா போகணும்: பக்கம் திருப்பறது, ரெண்டு பக்கம் சேர்ந்து எடுத்திருந்தா நடுவுல பிரிக்கிறது, கோணலை நேராக்கறது, அச்சு இருக்கிற பகுதியை மட்டும் கட்டம் கட்டறது, மார்ஜின், கடைசியா அவுட்புட். போன் போட்டோல டிபிஐ, அதாவது இன்ச்சுக்கு எத்தனை பிக்சல்ங்கிற தகவல் பெரும்பாலும் சரியா இருக்காது, ஆரம்பத்துலயே சரி பண்ணச் சொல்லி கேக்கும். பக்கத்தோட நிஜ அகலத்தை ஸ்கேல் வெச்சு அளந்து, பிக்சலை இன்ச்சால வகுத்துப் போடுங்க, ஏனோதானோனு ஒரு நம்பர் போட்டா பின்னாடி எல்லாமே தப்பும்.

அவுட்புட்ல வெறும் எழுத்துப் பக்கத்துக்கு கறுப்பு வெள்ளை. மஞ்சளாப் போன பேப்பர் ஈ-இங்க்ல அழுக்கு சாம்பலா தெரியும், அதுக்கு மேல எழுத்தும் சாம்பல்னா கண்ணு வலிக்கும், கறுப்பு வெள்ளை ஆக்கினா பின்னணி பளிச்னு வெள்ளையாயிடும். கோட்டோவியம்னா அதுவும் கறுப்பு வெள்ளைலயே நல்லா வரும். வாஷ்ல, அதாவது மையைக் கரைச்சு ஷேடு கொடுத்து வரைஞ்ச ஓவியம் இருக்கிற பக்கத்துக்கு மிக்ஸ்டுனு ஒரு மோடு இருக்கு, எழுத்தை கறுப்பு வெள்ளையாவும் படத்தை சாம்பல் ஷேடோடவும் விடும். அம்மா ஓவியம் முக்கியம்னு சொன்னதால இந்த இடத்துல அவசரப்படாதீங்க, பக்கம் பக்கமா பாருங்க.

ரொம்ப முக்கியமான ஒண்ணு. டீஸ்பெக்கிள்னு ஒரு ஆப்ஷன் வரும், தூசி மாதிரி இருக்கிற சின்னப் புள்ளிகளை அழிக்கிறது. இங்கிலீஷ் புக் பண்றவங்க அதைக் கூட்டி வைக்கச் சொல்லுவாங்க. தமிழுக்கு அது விஷம். மெய்யெழுத்து மேல இருக்கிற புள்ளியையும் தூசினு நினைச்சு தூக்கிடும், 'பக்கம்' போய் 'பககம' ஆயிடும். பழைய அச்சுல புள்ளி ரொம்பச் சின்னது, மை பரவி பாதி மங்கியும் இருக்கும். அதை ஆஃப் பண்ணிடுங்க, இல்லைனா குறைஞ்ச அளவுல வெச்சு பத்து பக்கத்தை பெருசாக்கிப் பாத்துட்டு அப்புறம் மொத்தமா ஓட்டுங்க. காலிபர்ல காமிக்ஸ் செட்டிங்ஸ்லயும் இதே ஆப்ஷன் இருக்கு, அங்கயும் தொடாதீங்க.

காமிக்ஸ்_பெட்டி

அல்சூர் அண்ணே சொன்ன புள்ளி விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. இது மாதிரியே இன்னொண்ணு, பிடிஎஃப் சைஸ் குறைக்கிறேன்னு ஜேபிக்2னு ஒரு லாஸி, அதாவது விவரத்தை இழக்கிற கம்ப்ரெஷன் போடக் கூடாது. அது ஒரே மாதிரி இருக்கிற எழுத்துகளை எல்லாம் ஒண்ணுனு முடிவு பண்ணி ஒரு படத்தையே எல்லா இடத்துலயும் ஒட்டும். 2013ல ஜெராக்ஸ் மெஷின்கள்ல இதே டெக்னிக்கால ஸ்கேன் பண்ணின ஃபைல்ல சில 6 எல்லாம் 8 ஆகி ஜெர்மனில ஒரு கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் அதைக் கண்டுபிடிச்சு பெரிய செய்தியாச்சு. தமிழ்ல ர, கால் எழுத்து, ண, ன எல்லாம் எவ்வளவு கிட்டக் கிட்ட இருக்குனு யோசிச்சுப் பாருங்க. எதையும் இழக்காத லாஸ்லெஸ் போதும், கறுப்பு வெள்ளைப் பக்கம் அதுலயே சின்னதா தான் வரும்.

நான் பண்றது சிவகாசி காமிக்ஸ், அதுக்கு கிண்டில் காமிக் கன்வர்ட்டர் தான், சுருக்கமா கேசிசி. ஃபோல்டரை இழுத்துப் போட்டு எந்த மாடல்னு சொன்னா அந்த ஸ்கிரீன் அளவுக்கு சுருக்கி, மார்ஜின் வெட்டி, காமாங்கிற வெளிச்ச அளவை சரி பண்ணி, 16 ஷேடுக்கு மாத்திக் கொடுக்கும். மங்கா மோடு மட்டும் டிக் ஆகக் கூடாது, அது வலதுலேர்ந்து இடம் போகும். கிண்டிலுக்கு மோபி வேணும்னா அமேசானோட கிண்டில் ப்ரிவ்யூவரை இன்ஸ்டால் பண்ணணும், மோபி ஆக்கற கிண்டில்ஜென்கிற டூல் இப்போ தனியா கிடைக்காது, அதுக்குள்ள தான் இருக்கு. சென்ட் டு கிண்டில்ல ஏத்தறதுன்னா 200 எம்பிக்குள்ள துண்டு துண்டா ஈபப் கொடுக்கிற ஆப்ஷனும் இருக்கு. ஆனா இது காமிக்ஸுக்கு. தொடர்கதைக்கு பக்கத்தை முழுசா காட்டினா அதே பொடி எழுத்து தான்.

எஸ்பி_ரோடு

ஏன் இவ்வளவு கஷ்டம்? டேப்லெட் வாங்கிக் கொடுங்க, பத்து இன்ச், பிடிஎஃப்பை விரல்ல பெருசாக்கிப் படிக்கலாம். எஸ்பி ரோட்ல செகண்ட் ஹேண்ட் நல்லதா கிடைக்கும்.

பனசங்கரி_வாசகி

டேப்லெட் இருக்குங்க. அதுல ராத்திரி படிச்சா கண்ணு எரியுதுனு சொல்லி தான் கிண்டிலுக்கு வந்தாங்க, வெயிட்டும் கம்மி, கட்டில்ல சாஞ்சுட்டு ஒரு கையால பிடிச்சுக்கறாங்க.

பிழைதிருத்தி

நான் ஓசிஆர் பக்கம் பேசறேன். மாமியாருக்கு கண்ணு சரியில்லைனு சொன்னீங்க, இப்போ படமா பண்ணிக் கொடுத்தா இன்னும் ரெண்டு வருஷத்துல அந்த சைஸும் பத்தாம போகலாம். டெக்ஸ்ட் ஈபப்னா பிரச்சினையே இல்ல, எழுத்தைக் கூட்டிக்கிட்டே போகலாம், தேடலாம், விட்ட இடத்துலேர்ந்து படிக்கலாம். கிண்டில்ல தமிழ் நல்லாவே தெரியும்.

வழி ரெண்டு. கூகுள் டிரைவ்ல படத்தை ஏத்தி, ரைட் கிளிக் பண்ணி கூகுள் டாக்ஸ்ல ஓப்பன் பண்ணினா கீழ டெக்ஸ்ட் வந்துடும். தமிழ்ல இது நல்லா படிக்குது, தமிழ் விக்கிமூலம்ங்கிற இலவச இணைய நூலகத்துல மேலேத்தின புத்தகங்களுக்கு கூகுள் ஓசிஆர் தான் பெரிய அளவுல உதவிச்சு. இன்னொண்ணு டெசராக்ட், ஓப்பன் சோர்ஸ், உங்க கம்ப்யூட்டர்லயே ஓடும், தமிழ் டேட்டாவை சேர்த்து இறக்கிக்கணும், நாலாவது வெர்ஷனுக்கு அப்புறம் முன்னைக்கு எவ்வளவோ தேவலை. எதுன்னாலும் காலத்தைத் தனித்தனியா வெட்டிட்டு கொடுங்க. வெட்டாம கொடுத்தா சில பக்கத்துல இடது காலத்து வரியும் வலது காலத்து வரியும் மாறி மாறி கலந்து வரும், அதைப் பிரிக்கிறதுக்கு நீங்களே டைப் அடிச்சிடலாம்.

இப்போ உங்க வால்யூம் 1966னு சொன்னதால ஒரு விஷயம் தெரிஞ்சே ஆகணும். அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின அச்சு. ணை, லை, ளை, னை நாலும் யானைத் தும்பிக்கை மாதிரி வளைஞ்ச கொம்போட இருக்கும், ணா, றா, னா மூணும் கால் இல்லாம சுழிச்சு இருக்கும். இப்போ இருக்கிற ஓசிஆர் எல்லாம் பெரும்பாலும் புது எழுத்தைப் பாத்துப் பழகினது. அதனால 'என்றால்' வந்தா 'என்ருல்'னு படிக்கும், 'ஆனால்' வந்தா 'ஆனல்', 'இல்லை'ங்கிறது 'இல்லே' ஆகும். இதெல்லாம் பரவாயில்ல, 'என்ருல்'னு தமிழ்ல ஒரு வார்த்தையே கிடையாது, மொத்தமா ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டுடலாம். ஆபத்தானது எதுன்னா 'அவனை'ங்கிறது 'அவனே'னு வரும். அதுவும் சரியான வார்த்தை தானே, ஸ்பெல் செக் பிடிக்காது, மொத்தமா மாத்தவும் முடியாது. 'அவனை நம்பினாள்' 'அவனே நம்பினாள்' ஆகி நிக்கும். ஒரு ஆள் பக்கத்துல மூலத்தை வெச்சுக்கிட்டு வரி வரியா படிச்சா தான் தீரும். அதுக்கு நேரம் ஒதுக்க முடியும்னா மட்டும் இதுல இறங்குங்க.

அல்சூர்காரன்

பிழைதிருத்தி மேடம் சொல்றதை முழுசா ஒத்துக்கறேன், ஆனா 400 பக்கத்தை வரி வரியா திருத்தி முடியற வரைக்கும் அந்தம்மா காத்திருக்கணுமா? முதல்ல படமாவே படிக்கிற மாதிரி ஒரு காப்பி கைல கொடுத்துடுங்க. ரெண்டு காலம்னா ஒரு காலம் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் இருக்கும், ஸ்கிரீன் அகலம் பத்தரை. அப்போ காலத்தை வெட்டிப் போட்டா எழுத்து அச்சுல இருந்ததை விடக் கொஞ்சம் பெருசாவே தெரியும். காலம் உயரமா இருக்கும்கிறதால குறுக்கயும் வெட்டணும், ஒரு பக்கம் நாலு ஸ்கிரீன் ஆகும். கைல வெட்ட வேண்டாம், ஸ்கேன்டெய்லர்லேர்ந்து வந்த சுத்தமான பக்கங்களை கே2பிடிஎஃப்ஆப்ட்ல கொடுத்து பேப்பர்வைட்னு டிவைஸ் சொல்லிட்டா ரெண்டு காலத்தை அதுவே கண்டுபிடிச்சு வரிசைப்படுத்தும். இன்னும் பெருசா வேணும்னா எழுத்து அளவைக் கூட்டச் சொல்லலாம், வரியை மடிச்சுக் கொடுக்கும். பழைய அச்சுல வரிகள் ரொம்ப நெருக்கமா இருந்தா மேல் வரியோட உகரச் சுழியும் கீழ் வரியோட இகரக் கொம்பும் ஒட்டிக்கிட்டு வரி பிரிக்கிறதுல தடுமாறும், அந்தப் பக்கங்களை மட்டும் கைல வெட்டிக்கோங்க.

பிழைதிருத்தி

இது நல்ல யோசனை. படக் காப்பியை அவங்க படிக்கட்டும், பின்னாடி நிதானமா அத்தியாயம் அத்தியாயமா டெக்ஸ்ட் ஆக்குங்க. அவங்களுக்கு கதை மனப்பாடமா தெரியும்னா பிழை பாக்கறதுக்கு அவங்களை விடச் சரியான ஆள் கிடையாது, 'அவனே'வா 'அவனை'யானு படிச்ச மாத்திரத்துல சொல்லிடுவாங்க.

டெக்ஸ்ட் ரெடியானதும் சிஜில்ங்கிற ஈபப் எடிட்டர்ல ஈபப் கட்டுங்க, ஓவியங்களை அந்தந்த இடத்துல தனிப் படமா சேருங்க. ரெண்டு பக்கமும் சமமா இழுத்து நிறுத்தற ஜஸ்டிஃபை வேண்டாம், இடதுபக்க அலைன்மென்ட் போடுங்க. தமிழ்ல வார்த்தை நீளம், பெரிய எழுத்துல ஒரு வரிக்கு மூணு வார்த்தை தான் வரும், ஜஸ்டிஃபை பண்ணினா நடுவுல பெரிய பெரிய ஓட்டை விழும்.

எல்லையில்லா_வாசிப்பு

சூப்பர் மேடம், முடிச்சதும் டெலிகிராம்ல போடுங்க, எல்லாரும் படிக்கலாம்.

அல்சூர்காரன்

அது வேண்டாம் தம்பி. வீட்ல இருக்கிற புக்கை சொந்தமா படிக்கிறதுக்கு மாத்திக்கிறது வேற, ஊருக்கெல்லாம் பரப்பறது வேற. சொந்த உபயோகத்துக்கு காப்பிரைட் சட்டத்துல 52வது பிரிவு இடம் கொடுக்குது. பொதுவுல விடணும்னா எழுத்தாளர் காலமான வருஷத்துக்கு அடுத்த ஜனவரிலேர்ந்து 60 வருஷம் முடிஞ்சிருக்கணும், உதாரணத்துக்கு 1964ல காலமானவர்னா 2025 ஜனவரி 1லேர்ந்து தான். இல்லைனா தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கின எழுத்தாளரா இருக்கணும். அப்பவும் கூட ஓவியம் வரைஞ்சவரோட உரிமை தனி. அந்த ஓவியர்கள்ல பலரும் அதுக்குப் பின்னாடி ரொம்ப நாள் வாழ்ந்தவங்க. அவங்க குடும்பங்கள் இருக்கு.

பிழைதிருத்தி

கூடவே ஒண்ணு. உரிமை முடிஞ்ச நூல்னு உறுதியா தெரிஞ்சா விக்கிமூலம், மதுரைத் திட்டம்ங்கிற இலவச மின்னூல் தளம் ரெண்டுலயும் ஏற்கெனவே இருக்கானு தேடுங்க. 1998லேர்ந்து மதுரைத் திட்டத்துல தன்னார்வலர்கள் தட்டச்சு பண்ணி வெச்சது எவ்வளவோ இருக்கு, திரும்ப அதே வேலையை நாம செய்ய வேண்டாம். பைண்டிங்ல பக்கம் காணாம போயிருந்தா சென்னைல ரோஜா முத்தையா நூலகத்துல பழைய இதழ்கள் பெரிய சேகரமா இருக்கு, கேட்டுப் பாக்கலாம்.

பனசங்கரி_வாசகி

எல்லாரும் இவ்வளவு எழுதியிருக்கீங்க, மனசு நிறைஞ்சு போச்சு. முதல் பத்து பக்கத்தை ஸ்கேன்டெய்லர்ல ஓட்டி கே2பிடிஎஃப்ஆப்ட்ல கொடுத்துப் பாத்தேன், வெள்ளைப் பின்னணில எழுத்து அச்சு வார்த்த மாதிரி இருக்கு, புள்ளி எல்லாம் தப்பாம இருக்கு, அவங்க கண்ணாடி இல்லாமலே முதல் பத்தியைப் படிச்சுட்டாங்க! ரெண்டு சந்தேகம். சில பக்கத்துல பைண்டிங் பக்கம் எழுத்து வளைஞ்சு உள்ள போயிடுது. இன்னொண்ணு, இனிமே கிண்டில்ல யுஎஸ்பி மூலமா ஏத்த முடியாதுனு என் தம்பி சொல்றான், உண்மையா?

காமிக்ஸ்_பெட்டி

அது வேற விஷயம். 2025 பிப்ரவரில அமேசான் நிறுத்தினது அவங்க கிட்ட வாங்கின புக்கை கம்ப்யூட்டருக்கு டவுன்லோட் பண்ற வசதியை. நம்ம சொந்த பிடிஎஃப், மோபி ஃபைலை கேபிள்ல போடறதுக்கு ஒரு தடையும் இல்ல, டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்ல காப்பி பண்ணினா போதும். 2024ல வந்த புது மாடல்கள் பென் டிரைவ் மாதிரி தெரியாது, எம்டிபினு வேற முறை, விண்டோஸ்ல தானா வரும், மேக்ல தனி சாஃப்ட்வேர் வேணும். உங்க 6.8 இன்ச் அதுக்கு முந்தினது, கவலையில்ல.

அல்சூர்காரன்

வளைவுக்கு ஸ்கேன்டெய்லர்ல டீவார்ப்பிங் இருக்கு, மேல் வரிலயும் கீழ் வரிலயும் கோட்டை இழுத்து வெச்சா நிமிர்த்திடும். ஆனா எழுத்து பைண்டிங் மடிப்புக்குள்ள மறைஞ்சே போயிருந்தா எந்த சாஃப்ட்வேரும் கொண்டு வராது, அந்தப் பக்கங்களை மறுபடி எடுக்கணும். வால்யூமை 180 டிகிரி விரிக்காதீங்க, அந்த வயசு பேப்பர் மடிப்புல உடைஞ்சிடும். ரெண்டு தலையணைக்கு நடுவுல பாதி திறந்த மாதிரி வெச்சு, ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம், மேல மெல்லிசா ஒரு கண்ணாடித் தகடு, போட்டோ ஃபிரேம் கடைல ஓரம் தேய்ச்சுக் கொடுப்பாங்க. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். ஜன்னல் பக்கத்துல, வெளிச்சம் சைடுலேர்ந்து வர்ற மாதிரி. நம்ம ஊர்ல மேகமூட்டமான நாளா பாத்து எடுங்க, நிழலே விழாது.

பனசங்கரி_வாசகி

சரிங்க சார், இந்த ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கங்களை மட்டும் மறுபடி எடுக்கறேன். அத்தியாயம் அத்தியாயமா தாண்டிப் போற மாதிரி பொருளடக்கம் வைக்க முடியுமா? வாரா வாரம் வந்தது இல்லையா, அவங்களுக்கு அந்தந்த வாரத்தை எடுத்துப் பாக்கணுமாம்.

காமிக்ஸ்_பெட்டி

முடியும். கே2பிடிஎஃப்ஆப்ட்ல வந்த பக்கங்களை படமா பிரிச்சு, வாரத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, எல்லாத்தையும் ஒரு பெரிய ஃபோல்டருக்குள்ள வெச்சு கேசிசில கொடுங்க, உள்ள இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டரும் ஒரு அத்தியாயமா பொருளடக்கத்துல வந்துடும். ஃபோல்டர் பேர் தான் தலைப்பு, அதனால இதழ் தேதியையே பேரா வைங்க, வருஷம் மாசம் நாள்னு அந்த வரிசைல, அப்போ தான் கலையாம அடுக்கும்.